இலைகளுக்குக் கீழே நடக்கும் வேலை

ஒக்டோபர் மாதத்தின் முதலிரண்டு வார இறுதிகளில் ரொறன்ரோவிலிருந்து வடக்கே செல்லும் 400ஆம் இலக்க நெடுஞ்சாலை வாகனங்களால் நிறைந்துவிடும். மஸ்கோகா, அல்கொன்குயின் பக்கம் மேப்பிள் மரங்கள் சிவந்துவிட்டன என்ற செய்தி பரவியதும், குடும்பம் குடும்பமாக மூன்று மணித்தியாலம் பயணம் செய்து, இலைகளுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது இங்குள்ள நம்மவர்கள் பலருக்கும் ஆண்டுச் சடங்காகிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நிறம் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் காட்டுயிர்களைப் படமெடுக்கும் ஆசையுள்ளவருக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டிய தேவையில்லை என்பது, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் குடியிருந்து, பேருந்தில் போய்வரக்கூடிய பூங்காக்களிலேயே இலையுதிர்காலங்களைக் கழித்துவரும் என்னுடைய அனுபவம். எல்லோரும் இப்பருவத்தை நிறத்தின் பருவமாகப் பார்க்கிறார்கள்; எனக்கு இது அவசரத்தின் பருவம். நிலம் உறைவதற்குள் தின்ன வேண்டியதைத் தின்று, புதைக்க வேண்டியதைப் புதைத்து, போக வேண்டிய இடத்துக்குப் புறப்பட்டுவிட வேண்டும் என்று கருமமே கண்ணாக இருக்கும் உயிர்கள், ஓரமாக நின்று படமெடுக்கும் மனிதரை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை.

இவ்வளவு பெரிய நகரத்தின் நடுவே இத்தனை காடு எப்படி மிஞ்சியது என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. அதற்கு ஒரு துயரமான விடை இருக்கிறது. 1954ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு ஹேசல் சூறாவளி இந்த நகரத்தைத் தாக்கியபோது, ஹம்பர் ஆறும் ஏனைய ஓடைகளும் கரைபுரண்டு, கனடாவில் 81 பேர் உயிரிழந்தார்கள். ஹம்பர் கரையிலிருந்த ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் வெள்ளம் பாயும் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு இறுகியது. 1957இல் உருவான வட்டார இயற்கைவளப் பாதுகாப்பு அதிகாரசபை அந்தத் தாழ்நிலங்களை வாங்கி ஒன்றுசேர்த்தது. அவற்றில் பெரும்பகுதி பூங்காக்களாயின. இன்று நகரப் பரப்பில் ஏறத்தாழ 17 வீதம் இத்தகைய பள்ளத்தாக்குகள்தாம். அவை ஒன்றோடொன்று தொடுத்தாற்போல ஒன்ராறியோ ஏரிவரை நீள்வதால், மானும் நரியும் கொயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கும் பெரும்பாலும் தெருக்களைக் குறுக்கறுக்காமல் பாலங்களின் அடியால் நகரத்துக்குள் வந்துபோக முடிகிறது. மேலே அடுக்குமாடிகளும் வாகன இரைச்சலும் இருக்க, முப்பது மீற்றர் கீழே இறங்கினால் மீன்கொத்தி கத்தும்.

செப்டெம்பரின் நடுப்பகுதியில் நல்ல மழையொன்று பெய்து, ஸ்காபரோவில் ஓடும் ஹைலண்ட் கிறீக் ஓடை கலங்கிப் பெருகி, பின் தெளியத் தொடங்கும் நாளில்தான் என் பருவம் பிறக்கிறது. ஒன்ராறியோ ஏரியில் மூன்று நான்கு ஆண்டுகள் தின்று கொழுத்த சினூக் சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காக அப்போது ஓடையில் ஏறத் தொடங்கும். மோர்னிங்சைட் பூங்காவின் ஆழமில்லாத திருப்பங்களில், கணுக்கால் நனையும் அளவேயான நீரில், பத்துக் கிலோவை எட்டும் மீன்கள் முதுகு முழுவதும் வெளியே தெரியக் கூழாங்கற்களின் மேல் உந்தி உந்தி ஏறுவதை முதன்முறை பார்ப்பவர்கள் தம் கண்களை நம்பமாட்டார்கள். மேற்கே ஹம்பர் ஆற்றில் ஓல்ட் மில் அருகிலுள்ள தடுப்பணையில் இதே மீன்கள் துள்ளுவதைப் படமெடுக்கப் பெருங்கூட்டம் கூடுகிறது. துள்ளல் படம் எனக்கும் பிடிக்கும். ஆயினும் துள்ளும் மீனின் படங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே அமைந்துவிடுகின்றன என்பதனாலும், அங்கே முழங்கைக்கு முழங்கை நிற்க வேண்டியிருப்பதனாலும், நான் ஹைலண்ட் கிறீக்கையே விரும்புகிறேன்.

அங்கே பார்க்க வேண்டியது பெண்மீன் செய்யும் வேலை. நீரோட்டம் சீராகவும் அடித்தளத்தில் பொடிக்கற்கள் நிறைந்தும் இருக்கும் இடத்தைத் தேர்ந்துகொண்டு, அது ஒருக்களித்துச் சாய்ந்து, வாலினால் கற்களை ஓங்கி ஓங்கி அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் வண்டல் புகைபோல எழுந்து நீரோடு போக, கற்கள் சற்றே கீழே புரண்டு விழும். இப்படிப் பலமுறை அடித்து உண்டாக்கிய குழியில் முட்டையிட்டு, ஆண்மீன் விந்து பாய்ச்சியதும், மேற்புறமுள்ள கற்களை அடித்து அதை மூடிவிடும். இந்த வேலையில் வாலின் ஓரம் தோலுரிந்து வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளை ஓரத்தைக் கொண்டே கரையில் நின்றபடி பெண்மீனை அடையாளம் காணலாம். ஆண்மீனுக்குக் கீழ்த்தாடை கொக்கிபோல் வளைந்திருக்கும். நன்னீருக்குள் நுழைந்த பின் இவை இரை எடுப்பதில்லை. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பையே எரித்து ஏறி, வேலை முடிந்ததும் அங்கேயே இறந்துவிடுகின்றன.

ஒரு தடவை, கரையில் குனிந்து படமெடுத்துக்கொண்டிருந்தபோது, காலை நடைக்கு வந்த பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் நின்று வெகுநேரம் ஓடையைப் பார்த்தார். பிறகு, "தம்பி, ஊரிலை எண்டால் இண்டைக்கு எங்கடை வீட்டிலை மீன்குழம்புதான், இதுகளை ஏன் ஒருத்தரும் பிடிக்கேல்லை?" என்று கேட்டார். "ஐயா, இந்த நிலையிலை தசையெல்லாம் வெளிறி, உருசையில்லாமல் போயிருக்கும், பாருங்கோ, முதுகிலை பூஞ்சணம் பிடிச்சிருக்கு" என்று காட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு, ஆண்மீன்கள் இரண்டு ஒன்றையொன்று கடித்துத் துரத்துவதை நான் கவனிக்காமலிருந்ததைச் சுட்டிக்காட்டினார். கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு நீருக்குள் பார்க்கும் கண் தனி.

இந்தச் சினூக் மீன் இவ்வூருக்கு உரியதன்று என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஏரிக்கென்றே இருந்த அத்திலாந்திக் சால்மன், அளவுமீறிப் பிடித்ததாலும், ஆலைகளுக்காகக் கட்டிய அணைகளாலும், காடழிந்து ஓடைகள் சேறானதாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அற்றுப்போய்விட்டது. ஏரியில் மிதமிஞ்சிப் பெருகிய ஏல்வைஃப் என்ற சிறுமீனைக் கட்டுப்படுத்தவும், மீன்பிடி பொழுதுபோக்குக்காகவும், 1960களின் இறுதியிலிருந்து பசிபிக் கரையின் சால்மன் இனங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வந்து குடியேறிய இனம் என்பதால் அதன் உழைப்பு எனக்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை. ஸ்காபரோவில் இருந்துகொண்டு அப்படி நினைக்கவும் முடியாது.

படமெடுப்பதற்கு இங்கே இன்றியமையாதது, லென்சின் முன் பொருத்தும் போலறைசிங் ஃபில்டர். அது இல்லாவிட்டால் நீரின் மேற்பரப்பில் வானமும் மரங்களும் பிரதிபலிக்குமேயன்றி மீன் தெரியாது. அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கும்போது ஒரு கட்டத்தில் மேற்பரப்பின் பளபளப்பு அகன்று, கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் துலங்க, மீனின் செதில்களில் உள்ள கரும்புள்ளிகள்வரை தெரியவரும். உள்ளே வரும் ஒளியில் பாதிக்கு மேல் அது விழுங்கிவிடுவதால் கமராவின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்திக்கொள்ள வேண்டும். மஞ்சள் இலைகளின் பிரதிபலிப்பு நீரில் பொன்னாகப் படர்ந்திருந்தால் ஃபில்டரை முழுதும் திருப்பாமல் பாதியில் நிறுத்துவேன். நிறத்துக்கு நான் கொடுக்கும் இடம் அவ்வளவுதான். ஓடைக்குள் இறங்குவது மட்டும் கூடாது. கரையோரப் பொடிக்கல்லில் வைக்கும் ஒரு காலடி, மூடிக் கிடக்கும் முட்டைகளை நசுக்கிவிடும்.

இந்தப் பருவத்தின் ஒளியைப் பற்றிப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒக்டோபர் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 72 பாகை உயரத்தில் நிற்கும். ரொறன்ரோவில் அதே நாளில் 38 பாகைக்கு மேல் ஏறாது. ஆகவே ஊரில் காலை எட்டரை மணியளவிலும் பிற்பகல் மூன்று மணியளவிலும் கிடைக்கும் சாய்வான ஒளி இங்கே உச்சிப்பொழுதிலேயே கிடைக்கிறது. சூரியன் உதிப்பதும் காலை ஏழரை மணிக்குத்தான் என்பதால், ஜூன் மாதத்தில் நாலரை மணிக்கு எழும்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போகும் பாடு இல்லை. தேநீர் குடித்துவிட்டு ஆறுதலாகப் புறப்பட்டாலும் முதல் வெளிச்சம் மரத்தில் படும்போது அங்கே நிற்கலாம்.

அந்த மரங்களும் சும்மா நிற்கவில்லை. இலை பழுப்பதை நாம் ஓய்வென்று எண்ணுகிறோம். உண்மையில் மரம், இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, இலையிலிருந்து நைதரசன் போன்ற சத்துகளைக் கிளைக்கும் வேருக்கும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பச்சை அகன்றதும் முன்பே இருந்த மஞ்சள் வெளித்தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு மட்டும் அந்த நாட்களில் புதிதாக உண்டாக்கப்படுவது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறி வரும் ஆண்டுகளில் சிவப்பு அதிகம். எல்லாம் எடுத்து முடிந்த பிறகு காம்பின் அடியில் ஒரு தக்கைப் படலம் உருவாகி, இலை கழன்று விழுகிறது.

நகரின் மேற்குப் பகுதியிலுள்ள ஹை பார்க்குக்கு நான் போவது அணிலுக்காக என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அணில் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். 1876இல் திறக்கப்பட்ட, 161 ஹெக்டேயர் பரப்புள்ள அப்பூங்காவில், கருவோக் மரங்கள் இடைவெளிவிட்டு நிற்கும் அரிய புல்வெளிக்காடு எஞ்சியிருக்கிறது. ஓக் கொட்டைகள் பெருமளவில் உதிரும் ஆண்டுகளில் செப்டெம்பர் இறுதியில் அங்கே நின்றால் தலையில் கொட்டை விழாமல் திரும்ப முடியாது. இங்கு காணும் கறுப்பு அணில், சாம்பல் அணிலின் நிறமாற்றமே தவிர வேறு இனமன்று. அது ஒரு கொட்டையை எடுத்ததும் முன்னங்கால்களில் வைத்து உருட்டும், முகரும், தலையை ஒரு வெட்டு வெட்டி அதன் கனத்தைச் சோதிக்கும். உள்ளே புழு இருந்தால் அங்கேயே தின்றுவிடும் அல்லது எறிந்துவிடும். நல்ல கொட்டையானால் அடுத்த முடிவு மரத்தின் வகையைப் பொறுத்தது. சிவப்பு ஓக், கருவோக் ஆகியவற்றின் கொட்டைகள் வசந்தகாலத்தில்தான் முளைக்கும். ஆதலால் அவற்றை அப்படியே புதைக்கலாம். வெள்ளை ஓக்கின் கொட்டையோ விழுந்த சில நாட்களிலேயே வேர்விடத் தொடங்கிவிடும். முளைத்த கொட்டை சேமிப்புக்கு உதவாது என்பதால் அணில் அதைப் பெரும்பாலும் உடனே தின்றுவிடுகிறது. புதைப்பதானால் கூர்நுனியிலுள்ள முளைக்கருவைப் பல்லால் கடித்தெடுத்து, முளைக்காதபடி செய்துவிட்டே புதைக்கிறது. இதை நேரில் காண்பதற்குத் தரையோடு தரையாகப் படுத்திருக்க வேண்டும். வேறோர் அணில் பார்த்துக்கொண்டிருந்தால், கிடங்கு தோண்டி, வாயில் உள்ளதைப் போடுவதுபோலப் பாவனை காட்டி, வெறும் மண்ணை மூடித் தட்டிவிட்டுக் கொட்டையோடு வேறிடம் போவதும் உண்டு. மாபெரும் நடிகர்கள்.

கறுப்பு அணிலைப் படமெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பொன்னிற இலைகளுக்கு நடுவே அது சிறிதாகத் தெரியும்போது, கமரா வெளிச்சமான இலைகளைப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும். அணில் வெறும் கரும்புள்ளியாகிவிடும். அருகில் வந்து படத்தை நிறைத்துவிட்டாலோ, கறுப்பைச் சாம்பலாக்க முயன்று இலைகளை வெளிறச் செய்துவிடும். நான் தானியங்கி அளவீட்டை நிறுத்திவிட்டு, அணிலின் விலாப்பக்க மயிரில் கபில நிறம் மெல்லத் தெரியும் அளவுக்கு ஒளியைக் கையால் அமைத்துக்கொள்கிறேன். சூரியன் பக்கவாட்டில் இருந்து கண்ணில் ஒரு துளி ஒளி மின்னினால் அந்தப் படம் உயிர்பெறும். கண் மின்னாத அணிற்படத்தை நான் வைத்திருப்பதில்லை.

அதே பூங்காவில் உள்ள ஒரு மேட்டில் செப்டெம்பர் தொடக்கம் நவம்பர் வரை தன்னார்வலர்கள் நின்று தெற்கே போகும் வல்லூறுகளை எண்ணுகிறார்கள். வடக்கிலிருந்து வரும் வல்லூறுகளுக்கு ஒன்ராறியோ ஏரி ஒரு தடை. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து மேலெழும் காற்றில் சிறகசைக்காமல் வட்டமிட்டு உயர்ந்து, பின் சறுக்கியபடியே தொலைவைக் கடப்பவை அவை. குளிர்ந்த நீரின் மேல் அத்தகைய காற்று எழுவதில்லை. ஆகவே அவை கரையைப் பிடித்து மேற்கே திரும்பி நகரத்தின் மேலாகவே போகின்றன. செப்டெம்பர் நடுவில் குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பான குளிர்முகம் ஒன்று கடந்து வடகாற்று வீசும் நாளில், அகன்ற சிறகு வல்லூறுகள் பெருங்கூட்டமாக வட்டமிடுவதை அண்ணாந்து பார்க்கலாம். படத்தில் அவை மிளகு தூவியதுபோல்தான் விழும். இதற்கெல்லாம் கமராவைக் கீழே வைத்துவிட்டுத் தொலைநோக்கியை எடுப்பதே மேல் என்பது என் கருத்து.

நகர மையத்துக்குக் கிழக்கே லெஸ்லி தெருவின் முடிவில் ஏரிக்குள் ஐந்து கிலோமீற்றர் நீளும் டொமி தொம்சன் பூங்கா, 1950களின் இறுதியிலிருந்து இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி உருவாக்கிய நிலம். செங்கல்லும் கொங்கிறீற்றும் துருப்பிடித்த கம்பிகளும் கிடக்கும் கரையில் இன்று பறவைகளுக்குக் குறைவில்லை. செப்டெம்பரில் மெக்சிக்கோ நோக்கிப் புறப்படும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் மஞ்சள் பூக்களில் தேன் குடித்து எரிபொருள் நிரப்பிக்கொள்ளும். ஒக்டோபரில், இருபது சென்ரிமீற்றர் உயரமும் நூறு கிராமுக்குக் குறைந்த எடையுமுள்ள சோ-வெற் ஆந்தைகள் இரவில் பறந்து வந்து, பகலில் அடர்ந்த ஊசியிலை மரங்களில் கண்மூடி இருக்கும்.

இந்த ஆந்தையை முன்னிட்டு நான் கடுமையாகவே பேசுவேன். அதன் இருப்பிடத்தைச் சமூக ஊடகத்தில் எழுதிய மறுநாள் அந்த மரத்தைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். கிளையை விலக்குபவர், கண்ணைத் திறக்கவைக்க ஒலியெழுப்புபவர், எலியைக் காட்டி இழுப்பவர் என எல்லா வகையினரும் அதில் இருப்பார்கள். இரவு முழுதும் பறந்து களைத்த உயிருக்குப் பகல் தூக்கம் பறிபோனால், மறு இரவு ஏரியைக் கடக்கும் வலு இருக்காது. இடத்தைச் சொல்லாதிருப்பதில் என்ன குறைந்துவிடப்போகிறது? சிக்கடீக் குருவிக்குக் கையில் விதை வைத்து வரவழைப்பதும் இதே வகைதான். நகரப் பூங்காக்களில் காட்டுயிர்களுக்கு உணவளிப்பது விதிப்படியும் தவறு. உழைத்துச் சேர்க்கும் உயிரைப் படமெடுக்கப் போய்விட்டு அதைக் கையேந்தவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இலையெல்லாம் உதிர்ந்த பிறகு, மற்றவர்கள் கமராவை உறையில் போடும் நவம்பரில், நான் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குப் போகிறேன். 2015இல் அமைக்கப்பட்ட, கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா அது. ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரப்பு, நுழைவுக் கட்டணம் இல்லை, மிருகக்காட்சிச்சாலைக்குப் போகும் பேருந்தில் இறங்கி நடந்தாலே போதும். கப்பல் பாய்மரங்களுக்காகப் பைன் மரங்களை வெட்டி இழுத்துச் சென்ற பழைய தடம் ஒன்று இன்று மாஸ்ட் நடைபாதையாக இருக்கிறது. அதன் மேட்டிலிருந்து பார்த்தால், இலை மூடியிருந்த காலத்தில் பத்து மீற்றருக்கு மேல் ஊடுருவாத காடு, பள்ளத்தாக்கின் அடிவரை திறந்துகிடக்கும். அதற்குள் வெண்வால் மான்கள் நடப்பது தெரியும். கோடையின் செம்மயிர் போய்ச் சாம்பற்பழுப்பு மயிர் வந்திருக்கும். குட்டிகளின் புள்ளிகள் மறைந்திருக்கும். நவம்பர் நடுவில் இணைசேரும் பருவம் உச்சமடையும்போது, ஆண்மான் தலையைத் தாழ்த்தி மோப்பம் பிடித்துக்கொண்டு, கொம்பினால் இளமரங்களின் பட்டையை உரித்துக்கொண்டு, நேராகவே நம்மை நோக்கி நடந்துவரும். அந்நேரத்தில் அதற்கு நம்மீது பயமில்லை என்பதே ஆபத்து. முப்பது மீற்றருக்குக் குறையாமல் விலகி நிற்பதும், பின்னால் ஒரு பெரிய மரத்தை வைத்துக்கொள்வதும் நல்லது. காற்சட்டையின் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளவும் வேண்டும். கருங்கால் உண்ணிகள் குளிர்காலம் நெருங்கும் இந்த நாட்களிலும் ஊர்ந்து திரியும், அவை கடித்தால் தொற்றக்கூடிய லைம் நோய் விளையாட்டான காரியமன்று.

நவம்பரின் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளியதும், மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடுகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மிஞ்சுவது சனியும் ஞாயிறும். அவற்றில் ஒன்று மழைக்கும் மற்றொன்று கலியாண வீட்டுக்கும் போய்விடுவது ஸ்காபரோவில் இருப்பவர்களுக்குப் புதிதன்று. ஆனால் நவம்பர் நடுவில் நண்பகற் சூரியனே 28 பாகைக்கு மேல் ஏறுவதில்லை என்பதால், மதிய உணவு இடைவேளையில் அருகிலுள்ள ஏதாவதொரு பள்ளத்தாக்கில் இறங்கி அரைமணி நேரம் நடந்தாலும் நல்ல ஒளி கிடைக்கும். சாப்பாட்டுப் பெட்டியை நடந்தபடியே காலிசெய்யப் பழகிக்கொண்டால் நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும்.